கடைசி அறையின் கோரிக்கை

அந்த ஒயர் நாற்காலியில் ஒரு மெத்தை கிடந்தது என்பது என் ஞாபகம். பழுப்பு உறை போட்ட மெத்தை. நடுவில், ஆள் உட்கார்ந்து எழுந்தது போல ஒரு பள்ளம். அப்படி ஒரு மெத்தையே கிடையாது என்கிறாள் ஹரிதா. வெறும் ஒயர் நாற்காலி, பச்சையும் வெள்ளையும் பின்னியது, நானே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் போட்டேன், எனக்குத் தெரியாதா என்கிறாள். அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும். மெத்தை இல்லையென்றால் பள்ளமும் இருந்திருக்க முடியாது. ஆனால் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த மத்தியானங்கள் எனக்குத் தெளிவாக நினைவிருக்கின்றன. இனி எழுதப் போவதில் இது போல எத்தனை இடங்கள் இருக்கும் என்று தெரியவில்லை.

நானும் ஹரிதாவும் பீளமேட்டில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தோம். விமான நிலையம் பக்கம் என்பதால் தலைக்கு மேல் விமானம் தாழப் பறக்கும். அந்த நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வது எங்கள் அலுவலகப் பழக்கம். எனக்கு அந்த இடைவெளிகள் பிடிக்கும். பல நாட்கள் நான் தொடரவே மாட்டேன். "ஆசிப்புக்கு மட்டும் பிளேன் எப்பவும் மேலயே நிக்குதுங்க" என்று எங்கள் குழுத் தலைவர் ரங்கராஜ் சொல்லுவார்.

அன்னூர் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு முதியோர் குடியிருப்பு இருக்கிறது. அங்கே ஒவ்வொரு அறையிலும் சுவரில் ஒரு டேப்லெட் மாட்டியிருப்பார்கள். சாப்பாடு, டீ, மருந்து, சலவை, டாக்டர், வண்டி என்று பொத்தான்கள். எதை அழுத்தினாலும் அது ஒரு கோரிக்கையாக ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு வலைச்செயலிக்கு வந்து சேரும். அதைச் சமையலறைக்கோ மருந்தகத்துக்கோ தள்ளிவிட்டு, "சரிங்க, டீ வருது" என்பது போல ஒரு பதிலைச் செயலி டேப்லெட்டுக்குத் திருப்பி அனுப்பும். அந்தச் செயலியைத் திருத்தியமைக்கும் வேலை எங்களுக்கு வந்தது. வாங்கிக்கொண்டு வந்தவள் ஹரிதா. அவளுடைய அப்பா சென்னகேசவன் அங்கேதான் மேற்கு வரிசையின் கடைசி அறையில் இருந்தார்.

அவரை யாரும் கொண்டுபோய் விடவில்லை. மனைவி இறந்த பிறகு அவராகவே இடம் பார்த்து, அவராகவே போய்ச் சேர்ந்தவர். "உன்ற அபார்ட்மென்ட்டுக்கு வாட்ச்மேன் வேல பாக்க நான் வரல கண்ணு" என்றாராம். ஸ்பின்னிங் மில்களுக்கு உதிரிபாகம் விற்றவர். வாழ்நாள் முழுக்கப் பேசித்தான் சம்பாதித்தவர். ஹரிதா ஞாயிறுதோறும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

பத்து வருடங்களுக்கு முன் யாரோ எழுதிய அந்தச் செயலியில் எல்லாக் கோரிக்கைகளும் ஒரே கிளாஸுக்குள், அதாவது நிரலின் ஒரே பகுதிக்குள், வந்து விழுந்தன. சாப்பாடா, இந்தப் பக்கம். இல்லையென்றால் மருந்தா, அந்தப் பக்கம். அதுவும் இல்லையென்றால் அடுத்தது. இப்படி இல்லையென்றால், இல்லையென்றால் என்று அது ஒரு தடித்த நாவல் அளவுக்கு நீண்டிருந்தது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக் கோரிக்கைக்கும் ஒரு கன்ட்ரோலர் கிளாஸ் எழுதுவதுதான் எங்கள் வேலை. எந்தக் கோரிக்கையை எந்த கிளாஸ் எடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதற்கே பல நாட்கள் போயின.

"வேல வாரியாப் பிரிங்க. சாப்பாட்டுக்கு ஒண்ணு, மருந்துக்கு ஒண்ணு, துணிக்கு ஒண்ணு. அவனவன் வேலைய அவனவன் பாக்கட்டும்" என்றார் ரங்கராஜ்.

"கேக்கறவங்கள வெச்சுப் பிரிச்சா?" என்றேன்.

"ஆசிப் வாயத் தொறந்துட்டாரு. குடை எடுத்துட்டு வந்தீங்களா சார்?" என்றாள் ஹரிதா.

"கேக்கறது யாரா இருந்தா என்னங்க, டீ டீதானுங்க" என்று ரங்கராஜ் முடித்துவிட்டார். பிறகு திரையைக் காட்டி, "ஆனா அம்மணி, உங்கப்பா மட்டும் தெனமும் மத்தியானம் ரெண்டு டீ கேக்கறாரு. ஒண்ணு சக்கரை இல்லாம, ஒண்ணு சக்கரை போட்டு. மனுஷன் திருட்டு டீ குடிக்கறாரு, பாத்துக்கங்க" என்றார்.

"இந்த ஞாயித்துக்கெழமை இருக்குது அவருக்கு" என்று ஹரிதா சிரித்தாள்.

பழைய கிளாஸின் கடைசியில், எந்தப் பக்கமும் போகாத கோரிக்கைகளுக்காக ஒரு பிரிவு இருந்தது. அப்படி வந்ததை அது எங்கேயும் அனுப்பவில்லை, யாருக்கும் தெரிவிக்கவும் இல்லை. "சரிங்க, இப்ப வருவாங்க" என்று பதில் மட்டும் சொன்னது. அதற்கு மேலே, எழுதியவர் ஆங்கில எழுத்தில் தமிழில் ஒரு குறிப்பு வைத்திருந்தார்: இல்லைன்னு சொல்லக் கூடாது, மேடம் சொன்னது.

மேடம் என்பது குடியிருப்பை ஆரம்பித்த பங்காரம்மா. அப்போதே காலமாகியிருந்தார். அவரைப் பற்றி ஹரிதாவுக்குத் தெரியும். "அந்தம்மா ஆபீஸ்ல யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. ரூம் காலி இல்லைன்னாக்கூட உக்கார வெச்சு, காப்பி குடுத்து, பாக்கலாங்கன்னு சொல்லித்தான் அனுப்புவாங்க."

அது எங்களுக்குப் புதிதல்ல. இந்த ஊரில் கடைக்காரர்கூட இல்லாத சரக்கை இல்லை என்று சொல்வதில்லை. சாயங்காலம் வந்துருமுங்க என்பார். கேட்டவருக்கும் அது வராது என்று தெரியும். இரண்டு பேரும் மனம் நோகாமல் பிரிவார்கள். ஆனால் செயலிக்கு அந்த மரியாதை ஒத்துவராது. தெரியாத கோரிக்கை வந்தால் தெரியாது என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் பிழை பிழையென்று வெளியே தெரியும். ஹரிதாதான் அந்தப் பிரிவை நீக்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சரி சொன்னேன். அதன் இடத்தில், "அப்படி ஒரு சேவை இல்லை" என்று சிவப்பு எழுத்தில் பதில் போகும்படி வைத்தோம்.

புதிய அமைப்பு ஒரு திங்கட்கிழமை நடைமுறைக்கு வந்தது. காலை முழுவதும் ஒரு சிக்கலும் இல்லை. மத்தியானம், சாப்பாட்டுத் தட்டுகளைத் திரும்ப எடுத்துப் போகிற நேரத்தில், தவறிய கோரிக்கைகளைக் காட்டும் திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது. கொஞ்ச நேரத்தில் அதே வரி இன்னொன்று. பிறகு நிறுத்தாமல் வந்துகொண்டே இருந்தது. கோரிக்கையின் பெயர்: துணை.

"நம்ம ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா இருக்கும்" என்றாள் ஹரிதா.

புதிய கிளாஸ்கள் எதிலும் அந்தப் பெயர் இல்லை. பழையதிலும் இல்லை. பழையதன் முந்தைய வடிவங்களைத் தோண்டியபோதுதான் கிடைத்தது. ஒரு காலத்தில் பேச்சுத் துணை என்று ஒரு பொத்தான் இருந்திருக்கிறது. அழுத்தினால், பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து சேவைக்கு வரும் மாணவர்களில் ஒருவர் அறைக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். கொரோனா வந்ததும் மாணவர்கள் நின்றார்கள். பொத்தானை எடுத்துவிட்டார்கள், அதைக் கவனித்த பிரிவையும் எடுத்துவிட்டார்கள்.

"அப்ப இது எங்கிருந்து வருது? எந்த ரூம்?"

வாசித்தேன். மேற்கு வரிசை, கடைசி.

ஒரு விமானம் போனது. அது போன பிறகும் நாங்கள் இருவரும் பேசவில்லை. திரையில் இன்னொரு வரி சேர்ந்தது. அவள் கைப்பேசியை எடுத்து அப்பாவை அழைத்தாள்.

"நைனா, டேப்லெட்ல எத அமுக்குறீங்க?"

"துணைதான் கண்ணு. தெனமும் அமுக்குறதுதான்." கைப்பேசி மேசைமேல் இருந்ததால் எனக்கும் கேட்டது. "இன்னிக்கு இல்லைன்னு வருது. செவப்பு எழுத்துல."

"அது பழைய பட்டன் நைனா. உங்க டேப்லெட்ல மாத்தாம உட்டிருக்காங்க. யாரும் வர மாட்டாங்க."

"வருவாரே."

"யாரு?"

"வாரவரு. இன்னிக்கு வரல."

மறுநாள் இருவரும் என் பைக்கில் போனோம். கோவில்பாளையம் தாண்டும்வரை ஹரிதா ஒரு கணக்கைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். கொரோனாவிலிருந்து இன்றுவரை எத்தனை வருடம், எத்தனை மத்தியானம். அத்தனை மத்தியானமும் அவர் துணை கேட்டிருக்கிறார். அத்தனை மத்தியானமும் செயலி அவரிடம், சரிங்க, இப்ப வருவாங்க என்று சொல்லியிருக்கிறது. அவர் காத்திருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

குடியிருப்பின் மேலாளர் புவனா எங்களைத் தனியே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஏனுங்க ஹரிதா, அந்த ரூமுக்கு உங்களைத் தவிர ஒருத்தரும் வரதில்லைங்க. மெயின் கேட்டத் தாண்டி யாரு வந்தாலும் எனக்குத் தெரியாமப் போகாது. டேப்லெட்ட மாத்தறோம்னு ரெண்டு மூணு தடவ ஆள் அனுப்பினேன். பழசே இருக்கட்டும்னு தொடவே உடலைங்க."

"அந்த ரெண்டு டீ?"

புவனா கொஞ்சம் தயங்கினார். "நானும் சத்தம் போட்டிருக்கேனுங்க, சக்கரை டீ எதுக்குன்னு. ரெண்டு டம்ளரும் காலியாத்தான் திரும்பி வரும். ஆனா மாசாமாசம் ரத்தம் பாக்கறோம், சுகர் ஏறவே இல்லைங்க. சரி, வாஷ்பேசின்ல ஊத்திப்போடறாரு போலன்னு நெனச்சுட்டேன்."

"நேத்து?"

"நேத்து அந்த டம்ளர் அப்படியே வந்துச்சுங்க. ஆடை புடிச்சு."

மேற்கு வரிசை நீளமான நடை. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாக் கதவுகளும் சாத்தியிருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த நேரத்தில் ஓயாமல் வீசும். கதவுகள் ஒவ்வொன்றும் தாழ்ப்பாளில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. கடைசி அறை மட்டும் திறந்திருந்தது.

சென்னகேசவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. எதிரே ஜன்னலை ஒட்டி அந்த நாற்காலி. நான் யார் என்று ஹரிதா சொன்னாள்.

"கோட்டைமேடுங்களா? அங்க பேரிங் கடை வெச்சிருந்த நசுருதீன் பாயத் தெரியுமா தம்பி?"

"என் பெரியப்பாங்க."

"அட! அவருகிட்ட வெல பேசி ஜெயிச்சது நான் ஒருத்தந்தான். கேட்டுப் பாருங்க."

"அவர் தவறிட்டாருங்க."

"அப்ப நாஞ் சொல்றதுதான் கணக்கு" என்று சிரித்தார். புத்தி தடுமாறிய ஆளாகத் தெரியவில்லை. நூல் விலை, மின்கட்டணம், எந்த மில் எப்போது மூடியது எல்லாம் விரல்நுனியில் இருந்தன.

ஹரிதா கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவரு எப்படி இருப்பாரு நைனா?"

"மத்தியான வெயிலு அந்த ஜன்னல்ல வரும் கண்ணு. அவரு அதுக்கு முன்னால உக்காருவாரு. உருவந்தான் தெரியும். மொகம் தெரியாது."

"என்ன பேசுவாரு?"

"பேச மாட்டாரு. நாந்தான் பேசுவேன், தெலுங்குல. உங்கம்மாவுக்கப்புறம் நம்ம ஊட்டுத் தெலுங்கக் கேக்கறதுக்கு அவருதான இருக்காரு. உனக்குப் புரியும், ஆனா நீ தமிழ்ல பதில் சொல்லுவ. அவரு கேப்பாரு. டீயக் குடிப்பாரு. வெயிலு எறங்கினா போயிருவாரு."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"நேத்துதான் அம்மணி பயமா இருந்துச்சு." அவர் டேப்லெட்டைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. "நீங்க ரெண்டு பேருந்தான அவர வேண்டாம்னுட்டீங்க?"

திரும்பி வரும்போது கணபதி சிக்னலில் ஹரிதா என் முதுகுக்குப் பின்னால் அழுதாள். நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு சென்னகேசவன் தேயத் தொடங்கினார். முதலில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டார், பிறகு மத்தியானத்தை. டாக்டர் பார்த்தார், வியாதி எதுவும் இல்லை என்றார். வாய் ஓயாதவர் என்று பெயரெடுத்த ஆள், ஹரிதா தொலைபேசியில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். ஆனால் தினமும் அந்த நேரத்துக்கு எங்கள் திரையில் சிவப்பு வரி வந்தது. அழுத்துவார், இல்லை என்று வரும், மறுபடி அழுத்துவார். ஹரிதா தன் இருக்கையைத் திரைக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் அவள் தட்டச்சு செய்யும் வேகம் வித்தியாசமாக இருந்ததால் திரும்பிப் பார்த்தேன். நீக்கிய பிரிவை அவள் மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள். அதே பதில். சரிங்க, இப்ப வருவாங்க.

"ரங்கராஜ் ஒத்துக்க மாட்டாரு" என்றேன். முன்பே அவரிடம் கேட்டிருந்தாள். வராத ஆளை வருவார் என்று சொல்லும் வரியில் நான் கையெழுத்துப் போட மாட்டேன், நாளைக்கு ஒருவர் நெஞ்சுவலி என்று அழுத்தினாலும் இதே பதில்தான் போகும், யோசியுங்கள் அம்மணி என்று சொல்லியிருந்தார். அது நியாயம் என்று அவளுக்கும் தெரியும்.

"பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும் ஆசிப். அந்தப் பொய்யிலதான அவரு சாப்பிட்டுட்டு இருந்தாரு."

அவள் விரல் விசையின் மேல் நின்றது.

"பொய்யா இருக்க வேண்டியதில்ல" என்றேன். "துணைக்குன்னு தனியா ஒரு கிளாஸ் எழுதுவோம். அழுத்தினா நம்ம போனுக்குத் தகவல் வரட்டும். நான் போறேன்."

"நீங்களா? போய் என்ன பேசுவீங்க?"

"அவரு பேசாத ஆளத்தான கேக்கறாரு."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

அந்த கிளாஸை நான் எழுதினேன். நான் எழுதியவற்றிலேயே சிறியது அதுதான். ஒரே ஒரு கோரிக்கையை எடுக்கும், முறையில் இருப்பவரின் கைப்பேசிக்கு அனுப்பும், டேப்லெட்டுக்குப் பதில் சொல்லும். ஞாயிறு ஹரிதாவின் முறை. வாரத்தில் சில நாட்கள் புவனா. மற்ற நாட்கள் நான். மத்தியானத் தொழுகையான லுஹரைத் தொழுதுவிட்டுக் கிளம்பிப் போய், புவனாவின் அலுவலகத்தில் மடிக்கணினியை வைத்து வேலை பார்ப்பேன். கோரிக்கை வந்ததும் எழுந்து நடப்பேன். என் மனைவி ஹுமேரா இதைக் கேட்டுவிட்டு, "பேசாம உக்காந்திருக்கறதுக்கு அன்னூர் வரைக்கும் போகணுமாக்கும்? அதைத்தான் ஊட்டுலயே பண்றீங்களே" என்றாள்.

முதல் நாள் கைப்பேசி அதிர்ந்ததும் எழுந்து மேற்கு வரிசையில் நடந்தேன். கதவுகள் ஆடிக்கொண்டிருந்தன. நான் வாசலில் நின்றபோது சென்னகேசவனின் முகம் மலர்ந்தது. ஆனால் அவர் என்னை மட்டும் பார்க்கவில்லை.

"வாங்க தம்பி. ரெண்டு பேரும் ஒண்ணாவே வந்துட்டீங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். நடையில் யாருமில்லை. உள்ளே போய் நாற்காலியை நோக்கி நகர்ந்தேன்.

"அங்க வேண்டாமுங்க. இப்படி உக்காருங்க" என்று கதவோரம் இருந்த முக்காலியைக் காட்டினார். பிறகு டேப்லெட்டில் டீ சொன்னார். மூன்று.

டீ வந்தது. ஒன்றை அவர் எடுத்தார், ஒன்றை என்னிடம் கொடுத்தார், ஒன்றைக் கொண்டுபோய் ஜன்னல் திட்டில் வைத்தார். பிறகு தெலுங்கில் பேச ஆரம்பித்தார். எனக்குத் தெலுங்கு தெரியாது. சேலம், திருப்பூர், ஸ்பிண்டில் என்று நடுநடுவே பிடிபட்டது. ஒரு இடத்தில் மனைவியின் பெயர் வந்தது. வெயில் இறங்கி இறங்கி ஜன்னல் முழுக்க மஞ்சளாகிவிட்டது. அந்த வெளிச்சத்துக்கு எதிராக என்னால் நாற்காலியை நேராகப் பார்க்க முடியவில்லை. கண்ணைத் தாழ்த்தி, மெத்தையின் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அதிகம் பேசாமல் வாழ்ந்தவன். வாசிப்பதிலும் சும்மா இருப்பதிலும் பெரும்பகுதிக் காலத்தைக் கழித்தவன். ஆளில்லாத அறையின் அமைதியும், ஆள் இருந்து பேசாமல் இருக்கும் அறையின் அமைதியும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். முன்னதில் நம் மூச்சு நமக்குக் கேட்கும். பின்னதில், நாம் மூச்சை மெதுவாக விடுவோம், மற்றவருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதே என்று. அன்று நான் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தேன் என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

வெயில் இறங்கியதும் அவர் பேச்சை நிறுத்தினார். வாசல் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். கதவோரம் உட்கார்ந்திருந்த என் முழங்கையை ஒட்டி ஏதோ கடந்ததா, காற்றா, தெரியவில்லை. டம்ளர் எடுக்க வந்த பெண் மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி எடுத்துப் போனாள். செருகும் சத்தம் கேட்டது. டீ இருந்திருந்தால் அப்படிச் செருக முடியாது.

அன்று ராத்திரி அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார் என்று புவனா சொன்னார். ஹரிதாவிடம் அதை மட்டும் சொன்னேன். டம்ளரைப் பற்றிச் சொல்லவில்லை. மூன்று டீ அவள் கண்ணிலும் பட்டிருக்கும், அது எங்கள் திரையிலேயே தெரியும். அவள் கேட்கவில்லை. தன் முறை வரும் ஞாயிறுகளில் என்ன பார்த்தாள் என்று நானும் கேட்டதில்லை. ஒரே ஒரு முறை மட்டும், "நைனா என்னப் பேசக் கூடாதுங்கறாரு. நீ ரொம்பப் பேசற, அவருக்குத் தலவலிக்குதாமான்னு சொல்றாரு" என்றாள். "யாருக்கு?" என்று நான் கேட்டிருக்கலாம்.

கோடை போய், மழைக்காலம் வந்து, அதுவும் முடிந்தது. சென்னகேசவன் உடம்பு தேறினார். என்னிடம் என் பெரியப்பாவைத் தோற்கடித்த கதையைப் பல முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் பெரியப்பா இன்னும் மோசமாகத் தோற்றார்.

தை மாதத்தில் ஒரு நாள் கோவில்பாளையத்துக்குப் பக்கத்தில் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று சாலைக்குக் குறுக்கே சாய்ந்துவிட்டது. நான் வரிசையில் மாட்டிக்கொண்டேன். சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. துணை. டேப்லெட்டுக்குப் பதில் போயிருக்கும்: சரிங்க, ஆசிப் வந்துட்டிருக்காரு. அன்று புவனாவும் வெளியே போயிருந்தார். நான் சென்னகேசவனைக் கைப்பேசியில் அழைத்தேன்.

"வந்துட்டே இருக்கேனுங்க. லாரி ஒண்ணு உழுந்துருச்சு."

"மெதுவா வாங்க தம்பி. அவரு வந்துட்டாரு" என்றார். சந்தோஷமான குரல். பின்னால் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறக்குறைய இறங்கிவிட்டது. மேற்கு வரிசையில் காற்று நின்றிருந்தது. ஒரு கதவும் ஆடவில்லை. கடைசி அறையில் கட்டில் காலியாக, விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. அவர் ஜன்னலோரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளிச்சத்துக்கு முதுகு காட்டி, கட்டிலைப் பார்த்தபடி, எதிரே யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்து. முகம் தெரியவில்லை. அவரை நான் அங்கே உட்கார்ந்து பார்த்ததே இல்லை. கூப்பிட்டேன். கிட்டே போய்க் கையைத் தொட்டேன். கையில் இன்னும் சூடு இருந்தது, நாடி இல்லை. ஜன்னல் திட்டில் இரண்டு டம்ளர்கள். இரண்டும் காலி.

டாக்டர் மாரடைப்பு என்றார். ஹரிதா இருட்டுவதற்குள் வந்துவிட்டாள். எல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் வெளியே வண்டிக்குக் காத்திருந்தபோது, அவள் என்னிடம் வந்து நின்றாள்.

"நீங்க வரதுக்கு முன்னாடியே போயிட்டாருன்னாங்க."

"ஆமா."

"தனியாவா இருந்தாரு ஆசிப்?"

"இல்லை" என்றேன்.

அவள் என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு வண்டிக்குப் போனாள்.

ஹரிதா அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு, கணவர் சைதன்யாவுடன் ஹைதராபாத் போய்விட்டாள். அங்கே கடைகளில் தெலுங்கில் பேசுவதாகவும், எல்லோரும் சிரிப்பதாகவும் சொன்னாள். ரங்கராஜ் மேட்டுப்பாளையத்தில் மாமனாருடைய பாக்கு மண்டியைப் பார்த்துக்கொள்கிறார். புவனா அங்கேயே மேலாளராக இருக்கிறார். மேற்கு வரிசைக் கடைசி அறையில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் குடியிருக்கிறார். எல்லா அறைகளிலும் டேப்லெட்டை மாற்றிவிட்டார்கள், புதியதில் அந்தப் பொத்தான் கிடையாது. நாற்காலி புவனாவின் அலுவலக வராந்தாவில் கிடக்கிறது. துணைக்கு எழுதிய கிளாஸை யாரும் நீக்கவில்லை. அதற்கு இதுவரை வேறு கோரிக்கை வரவில்லை. நான் பீளமேட்டில் அதே அலுவலகத்தில் இருக்கிறேன்.